துறைமுகத்தில் போட்ட வரி சிப்ஸ் பாக்கெட்டுக்குள் எப்படி வந்தது?

2024 தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் வழக்கமாக வாங்கும் கடையில் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் பாக்கெட் ஒன்று எடுத்தேன். எடுத்த கைக்கே தெரிந்தது, கனம் போதவில்லை. விலை அதே 60 ரூபாய். ஒட்டியிருந்த சீட்டில் 200 கிராம் என்று இருந்த இடத்தில் இப்போது 175.

“என்ன அண்ணாச்சி, எடை குறைஞ்சிருக்கே?”

“எண்ணெய்க்கு வரி கூட்டிட்டான்லா தம்பி. டின்னுக்கு முந்நூறு ரூவாய்க்கு மேல கூடிப்போச்சு. பின்ன நான் என்னத்த செய்ய?”

அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் முழுக் கணக்கும் அதுவல்ல என்று மனதுக்குள் ஒரு குறுகுறுப்பு. ஏத்தங்குலை நம் ஊர் விளையில் வெட்டியது. வறுத்தவர் நம் ஊர்க்காரர். தின்னப்போவது நான். இதற்கு நடுவில் எங்கோ ஒரு துறைமுகத்தில் போட்ட வரி எப்படி வந்து உட்கார்ந்தது? வீட்டுக்கு வந்து பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து போட்டுப் பார்த்த கணக்குதான் இந்தக் கட்டுரை.

முதலில் வரி என்னவென்று பார்த்துவிடுவோம். வெளிநாட்டிலிருந்து ஒரு பொருள் வரும்போது, நாட்டின் வாசலில் நிறுத்தி அரசு வாங்குவது இறக்குமதி வரி. சுங்க வரி என்பதும் இதுதான். பழைய தமிழில் இதற்கு ‘உல்கு’ என்று பெயர். புதிய சமாச்சாரம் ஒன்றும் இல்லை. கோட்டாறு வரைக்கும் படையோடு வந்த முதலாம் குலோத்துங்கனுக்கே ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பட்டம் இருந்தது. வரியை எடுத்தால் மக்கள் பட்டமே கொடுப்பார்கள் என்பது அன்றைக்கும் தெரிந்திருக்கிறது. திருவிதாங்கூர் காலத்தில் ஆரல்வாய்மொழியில் சவுக்கை (சோதனைச் சாவடி) வைத்து, கிழக்கிலிருந்து வரும் சரக்குக்குத் தீர்வை வாங்கினார்கள். பிரிட்டிஷ் இந்தியா, திருவிதாங்கூர், கொச்சி மூன்றும் 1865-ல் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் அந்த எல்லைத் தீர்வை பெரும்பாலும் ஒழிந்தது. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், 2017-ல் ஜிஎஸ்டி வரும்வரை கேரள எல்லையில், களியக்காவிளையில் செக்போஸ்டுக்காக வரிசை கட்டி நின்ற லாரிகளை நினைத்துக்கொள்ளுங்கள். அது விற்பனை வரிக்கான சோதனை, சுங்கம் வேறு. ஆனாலும் வாசலில் நிறுத்துவது என்றால் என்னவென்று நம் மாவட்டத்துக்காரருக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த வரியை யார் கட்டுகிறார்கள்? இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். “இந்தோனேசியா பாமாயிலுக்கு வரி” என்று செய்தியில் வாசித்ததும், இந்தோனேசியாக்காரன் கட்டுகிறான் என்று தோன்றும். அவன் ஒரு பைசா கட்டுவதில்லை. சரக்கை இங்கே இறக்கும் நம் ஊர் வியாபாரிதான் கட்ட வேண்டும். தூத்துக்குடியில் ஒரு கன்டெய்னர் இறங்குகிறது என்றால், இறக்குமதி செய்தவர் சுங்க ஏஜென்ட் மூலம் கணக்குக் காட்டி, வரியைக் கட்டி முடித்த பிறகுதான் சரக்கு வெளியே வரும். முதலில் பணத்தை எடுத்து வைப்பவர் அவர். அதற்கப்புறம் அந்தச் செலவை யார் தலையில் எவ்வளவு இறக்குவது என்பது தனிக் கதை.

சரி, எண்ணெய்க்கு வருவோம். சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் நாம் வெளியிலிருந்து வாங்குகிறோம். அதில் பெரிய பங்கு இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து வரும் பாமாயில். 2024 செப்டம்பர் 13 வரை கச்சா பாமாயிலுக்கு அடிப்படைச் சுங்க வரி எதுவும் இல்லை. வேளாண் கட்டமைப்புக்கான செஸ் (ஒரு தனி நோக்கத்துக்காக வாங்கும் கூடுதல் வரி) 5 சதவீதம் மட்டும். அந்த வரித் தொகையின் மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நல சர்சார்ஜ். ஆக 5.5 சதவீதம். செப்டம்பர் 14 முதல் அடிப்படை வரியை 20 சதவீதமாக்கினார்கள். இருபதும் ஐந்தும் இருபத்தைந்து, அதில் பத்தில் ஒன்று இரண்டரை. மொத்தம் 27.5 சதவீதம். ஒரே இரவில் 5.5 இருந்த இடத்தில் 27.5.

இதை ரூபாயில் போட்டால்தான் விளங்கும். கப்பல் வாடகை, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஒரு கிலோ துறைமுகத்தில் வந்து நிற்கும்போது 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம் (கணக்குக்கு வசதியாக நான் வைத்த எண் இது). பழைய வரிப்படி 94 ரூபாய் 95 பைசா ஆகும். புதிய வரிப்படி 114 ரூபாய் 75 பைசா. இதோடு முடியவில்லை. ஜிஎஸ்டி 5 சதவீதம் 90 ரூபாய்க்கு மட்டும் விழுவதில்லை; சுங்கம் சேர்ந்த தொகைக்கு விழும். வரிக்கு மேல் வரி. இப்போது பழைய விலை 99 ரூபாய் 70 பைசா, புதிய விலை 120 ரூபாய் 49 பைசா. கிலோவுக்கு ஏறத்தாழ 21 ரூபாய் வித்தியாசம். 15 கிலோ டின்னுக்கு 312 ரூபாய். அண்ணாச்சி சொன்ன “முந்நூறுக்கு மேல” கணக்கில் சரியாக வந்து நிற்கிறது.

நிஜத்தில் இடையில் ரிஃபைனரி இருக்கிறது, லாரி வாடகை இருக்கிறது, மொத்த வியாபாரியின் லாபம் இருக்கிறது. அந்த லாபத்தையும் பெரும்பாலும் சதவீதமாகத்தான் வைப்பார்கள். மூன்று சதவீதம் என்று வைத்தால், சரக்கின் விலை கூடும்போது அதே மூன்று சதவீதம் கூடுதல் ரூபாயாக மாறும். வரிக்கு மேல் வரி போல, வரிக்கு மேல் லாபமும் ஏறும்.

அந்த மாதத்தில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. வரி கூடிய மூன்றாம் நாளே உணவு அமைச்சகம் எண்ணெய் நிறுவனங்களின் சங்கங்களைக் கூப்பிட்டு, பழைய குறைந்த வரியில் வந்த சரக்கு சுமார் 30 லட்சம் டன் கையிருப்பில் இருக்கிறது, அது 45 முதல் 50 நாளுக்குத் தாங்கும், அதுவரை விலையைக் கூட்டாதீர்கள் என்று சொன்னது. நியாயமான பேச்சுதான். ஆனாலும் கடைகளில் விலை அந்த 50 நாளுக்குக் காத்திருக்கவில்லை.

இதை முழுக்கக் கொள்ளை என்று சொல்லிவிடவும் முடியாது. கடைக்காரர் பக்கத்திலிருந்து பாருங்கள். அவரிடம் பழைய விலையில் வாங்கிய பத்து டின் இருக்கிறது. பழைய விலைக்கே விற்றுவிடுகிறார். அந்தக் காசை எடுத்துக்கொண்டு போனால் புதிய விலையில் எட்டு டின்தான் கிடைக்கும். வியாபாரமே சுருங்கிப்போகும். அதனால் அவர் பார்ப்பது வாங்கிய விலையை அல்ல, அடுத்து வாங்கப்போகும் விலையை. வரி குறையும்போது மட்டும் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும்: “இது பழைய ஸ்டாக், கூடுதல் விலைக்கு வாங்கினது, தீரட்டும்” என்பார்கள். இரண்டு பக்கமும் அவரவருக்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் ஏற்றத்தில் நாம் உடனே கொடுக்கிறோம், இறக்கத்தில் காத்திருக்கிறோம்.

அப்படியானால் வரி முழுவதும் நம் தலையில்தானா? அப்படியும் இல்லை. விட்டால் வேறு வழி யாருக்கு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மார்த்தாண்டத்தில் சிப்ஸ் போடும் கடைகள் எல்லாம் ஒரே பாமாயிலில்தான் வறுக்கின்றன. எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே செலவு கூடியது. ஒருவர் விலை கூட்டினால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார் என்ற பயம் இல்லை. அங்கேயும் அதே கதைதான். ஆகவே வரி சுலபமாக நம்மிடம் வந்துவிடுகிறது. இதுவே கன்னியாகுமரி கடற்கரையில் விற்கும் சீன பொம்மையாக இருந்தால் வேறு மாதிரி. பொம்மைக்கு 2020-ல் வரியை 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023-ல் 70. பக்கத்துக் கடையில் நம் நாட்டுப் பொம்மை தொங்கினால் பிள்ளையின் கண்ணை அந்தப் பக்கம் திருப்பிவிட்டுத் தப்பிக்கலாம். சீன பொம்மை விற்பவர் முழு வரியையும் நம்மிடம் இறக்க முடியாது. கொஞ்சம் அவர் லாபத்தில் போகும், கொஞ்சம் விற்பனையில் போகும்.

வெளிநாட்டுக்காரனும் சில நேரம் கொஞ்சம் சுமப்பான். உலகத்திலேயே அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. இவ்வளவு பெரிய வாடிக்கையாளர் வாங்குவதைக் குறைத்தால் விற்பவன் விலையைக் கொஞ்சம் இறக்கித்தான் ஆக வேண்டும். அதேபோல நாம் வரியைக் குறைத்தால் “இப்போ நிறைய வாங்குவாங்க” என்று அங்கே விலை ஏறவும் செய்யும். ஆகவே கூட்டிய 22 சதவீதமும் அப்படியே நம் மீது விழும் என்பதும் இல்லை, குறைத்தது அப்படியே திரும்ப வரும் என்பதும் இல்லை.

இப்போது பாக்கெட்டுக்கு வருவோம். 60 ரூபாய்க்கு 200 கிராம் என்றால் கிலோ 300 ரூபாய். அதே 60 ரூபாய்க்கு 175 கிராம் என்றால் கிலோ 343 ரூபாய். அதாவது கிலோவுக்கு 43 ரூபாய் கூடியிருக்கிறது. சிப்ஸ் குடிக்கும் எண்ணெய் எவ்வளவு? ஒரு கிலோ சிப்ஸில் கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் என்று வைப்போம். எண்ணெயின் கூடுதல் விலை கிலோவுக்கு 21 ரூபாய் என்றால், சிப்ஸில் அது ஆறு ரூபாய். வறுத்து வறுத்துக் கறுத்துப்போய்க் கழிக்கும் எண்ணெயையும் தாராளமாகச் சேர்த்தாலும் பத்து ரூபாய். மீதி 33 ரூபாய்?

மறுபடி போனபோது இதை அண்ணாச்சியிடமே சொன்னேன். சிரித்துவிட்டார். ஏத்தங்குலை விலை, கேஸ், வேலையாள் கூலி, கடை வாடகை என்று விரல் மடக்கினார். எல்லாம் உண்மைதான். ஆனால் அவை ஆறு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியவை. விலை கூட்ட ஒரு சாக்குக்காகக் காத்திருந்தவை. வரிச் செய்தி எல்லோருக்கும் தெரிந்த சாக்கு. பத்து ரூபாய் வரியின் முதுகில் மற்ற முப்பத்து மூன்றும் ஏறி வந்துவிட்டன. விலையைத் தொடாமல் எடையைக் குறைத்தது இன்னும் நைச்சியம்.

இதுவரை பார்த்தது நேரடிப் பாதை. வரி போட்ட பொருளுக்கு விலை கூடுகிறது, அதில் செய்த பண்டத்துக்கும் கூடுகிறது. எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. வரியே போடாத, கடலையே பார்க்காத உள்ளூர்ப் பொருளுக்கும் விலை கூடும்.

நம் வீடுகளில் மீன்குழம்புக்கும் அவியலுக்கும் தேங்காய் எண்ணெய்தான். அது நம் தென்னையிலிருந்து வருவது; பாமாயிலுக்குப் போட்ட வரி அதைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் பாமாயில் மலிவாக இருக்கும்வரை, தேங்காய் எண்ணெய் விற்பவருக்கு ஒரு பயம் இருக்கும்: ரொம்பக் கூட்டினால் ஹோட்டல்காரர்கள் மாறிவிடுவார்கள். பாமாயில் ஏறியதும் அந்தக் கடிவாளம் தளர்ந்துவிடுகிறது. 2025 நடுவில் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். அதற்கு முக்கியக் காரணம் காய்ப்பு குறைந்ததும் கொப்பரைத் தட்டுப்பாடும்தான். பழியை வரியின் மேல் முழுக்கப் போட நான் தயாரில்லை. ஆனால் மாற்று எண்ணெய் மலிவாகக் கிடைத்திருந்தால் அந்த ஏற்றம் இன்னும் கொஞ்சம் முன்னாலேயே மூச்சு வாங்கி நின்றிருக்கும்.

இந்த விஷயத்தைப் பளிச்சென்று காட்டிய சம்பவம் அமெரிக்காவில் நடந்தது. 2018 ஜனவரியில் வெளிநாட்டு வாஷிங் மெஷின்களுக்கு அங்கே கூடுதல் வரி போட்டார்கள். முதல் 12 லட்சம் மெஷின்களுக்கு 20 சதவீதம், அதற்கு மேல் வருபவற்றுக்கு 50. வாஷிங் மெஷின் விலை சுமார் 12 சதவீதம் ஏறியது. அது எதிர்பார்த்ததே. ஆனால் துணி உலர்த்தும் டிரையர் விலையும் ஏறத்தாழ அதே அளவு ஏறியது! டிரையருக்கு வரியே கிடையாது. அங்கே இரண்டையும் ஜோடியாகத்தான் வாங்குவார்கள். கம்பெனிகள் கூடுதல் செலவை இரண்டு விலையிலும் பிரித்துப் போட்டுவிட்டன. வரி கட்டத் தேவையே இல்லாத அமெரிக்கக் கம்பெனியும் விலையைக் கூட்டியது. போட்டிக்காரன் கூட்டும்போது தான் மட்டும் ஏன் சும்மா இருக்க வேண்டும்?

அமெரிக்க மத்திய வங்கியும் சிகாகோ பல்கலைக்கழகமும் சார்ந்த பொருளியலாளர்கள் இதைக் கணக்கெடுத்தார்கள். வாங்கியவர்கள் ஆண்டுக்குக் கூடுதலாகக் கொடுத்தது 150 கோடி டாலருக்கு மேல். அரசுக்கு வரியாக வந்தது 8.2 கோடி டாலர்தான். மற்றது எங்கே போனது என்றால், உள்ளூர்ப் பொருளின் கூடிய விலையாகக் கம்பெனிகளிடம். புதிதாகக் கிடைத்த வேலைகள் சுமார் 1,800. ஒரு வேலைக்கு வாங்குபவர்கள் கொடுத்த விலை 8 லட்சம் டாலருக்கு மேல். அரசுக்கு இவ்வளவு வருமானம் என்று செய்தியில் வரும் தொகையைப் பார்த்து நம் செலவை எடைபோட்டால் ஏமாந்துபோவோம். கல்லாவுக்குப் போனது சிறிய துண்டுதான்.

ஆனால் இதை வாசித்துவிட்டு வரி என்றாலே பாவம் என்று முடிவுகட்டினால் என் சித்தப்பா சண்டைக்கு வருவார். அவருக்குக் குலசேகரம் பக்கம் ஒரு விளை. இருநூறு மூடு (மரம்) ரப்பர். வெள்ளாப்பில் எழுந்து பால் வெட்டி, உறைய வைத்து, ஷீட் அடித்து, புகைப்புரையில் போட்டு, காய்ந்ததை ஸ்கூட்டரின் பின்னால் கட்டிக்கொண்டு கடைக்குப் போகும் மனிதர். ரப்பர் விலையை அவர் பார்ப்பது போல நான் கிரிக்கெட் ஸ்கோர்கூடப் பார்ப்பதில்லை.

இந்தியாவில் 2023-24-ல் இயற்கை ரப்பர் உற்பத்தி சுமார் எட்டரை லட்சம் டன். தேவை 14 லட்சம் டன்னுக்கு மேல். மீதி வெளியிலிருந்துதான் வர வேண்டும். அப்படி வரும் ஷீட் ரப்பருக்கு வரி 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. இந்த ‘எது குறைவோ’ என்ற சொல்லில்தான் சித்தப்பாவின் எரிச்சல் முழுவதும் இருக்கிறது. வெளிச் சந்தையில் கிலோ 100 ரூபாய் என்றால் 25 சதவீதம் 25 ரூபாய், அது விழும். கிலோ 160 என்றால் 25 சதவீதம் 40 ரூபாய். ஆனால் 30 மட்டும்தான் வாங்குவார்கள். 120 ரூபாய்க்கு மேல் போனதும் வரி முப்பதிலேயே நின்றுவிடும். வேலி ஒரு உயரத்துக்கு மேல் வளராது. டயர் கம்பெனிக்கு அது நிம்மதி, சித்தப்பாவுக்குக் குறை. இதற்கிடையில் ரப்பரோடு வேறு சரக்கைக் கலந்து ‘காம்பவுண்ட் ரப்பர்’ என்ற பெயரில் 10 சதவீத வரியில் உள்ளே கொண்டுவந்தார்கள்; 2023 பட்ஜெட்டில்தான் அதையும் 25 சதவீதம் அல்லது 30 ரூபாய் என்று சமன்செய்தார்கள். வேலி போட்டால் ஓட்டை தேடுவது மனித சுபாவம்.

வரி இருப்பதால் வெளி ரப்பர் இங்கே வந்து சேரும்போது கிலோவுக்கு முப்பது ரூபாய்வரை கூடுதலாக நிற்கிறது. டயர் கம்பெனிக்கு அதைவிடக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால் போதும், சித்தப்பாவின் ஷீட் விற்றுவிடும். ஆக வரி இங்கே விவசாயியின் வருமானமாக மாறுகிறது. சரி, அந்தப் பணம் யாருடையது? டயர் வாங்குபவருடையது. ஷீட்டைக் கட்டிக்கொண்டு போகும் அந்த ஸ்கூட்டருக்கு வருடம் ஒரு டயராவது சித்தப்பாவே மாற்றுகிறார். குண்டும் குழியுமான மலைச்சாலை வேறு. ஒரு கையில் வாங்குகிறார், மறு கையில் கொடுக்கிறார். அவருக்கு வரவு கூடுதல், செலவு குறைவு. அதனால் வரி அவருக்கு லாபம். ரப்பர் மூடு ஒன்றுகூட இல்லாமல் மீன் கட்டிக்கொண்டு தினமும் ஸ்கூட்டரில் நாற்பது கிலோமீட்டர் ஓடுபவருக்குச் செலவு மட்டும்தான். ஒரே வரி, ஒரே தெருவில் இரண்டு வீட்டில் இரண்டு விதமாக விழுகிறது.

அண்டிப்பருப்பிலும் (முந்திரிப்பருப்பு) இதே கதை, கொஞ்சம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் அண்டி ஆபீஸ்களுக்கு, அதாவது முந்திரி உடைக்கும் ஆலைகளுக்குத் தேவையான தோட்டண்டி (உடைக்காத கொட்டை) பெருமளவு ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது. உடைத்த பருப்பு வியட்நாமிலிருந்து மலிவாக வரக் காத்திருக்கிறது. ஆகவே அரசு மூலப்பொருளுக்கு வரியைக் குறைத்தது (2018 பட்ஜெட்டில் 5 சதவீதத்திலிருந்து 2.5), பருப்புக்குக் கூட்டியது (2019 பட்ஜெட்டில் 45-லிருந்து 70). பாயசத்துக்கு வாங்கும் பருப்பில் நாம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கிறோம். அண்டி ஆபீஸுக்குப் போகும் பெண்களின் வேலை அந்தக் கூடுதலில் கொஞ்சம் தொங்கிக்கொண்டிருக்கிறது. இது சரியா என்று கேட்டால், நான் அந்தப் பெண்கள் பக்கம் நிற்பேன். ஆனால் பாயசத்துக்கு விலை கூடவில்லை என்று பாசாங்கு செய்ய மாட்டேன்.

தங்கத்தைப் பற்றிப் பேசாமல் நம் மாவட்டத்தில் விலைவாசிப் பேச்சு முடியாது. 2024 ஜூலை 23 அன்று பட்ஜெட்டில் தங்கத்தின் இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைத்தார்கள். அன்றைக்கே சவரனுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் இறங்கியது. கல்யாணம் வைத்திருந்த வீடுகளில் ஒரே பரபரப்பு. அப்போது பலர் “9 சதவீதம் விலை குறையணுமே” என்று கேட்டார்கள். அங்கே ஒரு சின்னக் கணக்குப் பிழை. வரி, தங்கத்தின் அடிப்படை விலை மேல் போடுவது. அடிப்படை 100 ரூபாய் என்றால் முன்பு 115, இப்போது 106. 115-லிருந்து 106 என்றால் நாம் கொடுக்கும் விலையில் ஏறத்தாழ 7.8 சதவீதம்தான் குறைவு. தங்கத்தில் மாற்றம் உடனே தெரிந்ததற்குக் காரணம், அதில் உலக விலையும் வரியும் தவிர மற்ற செலவு சொற்பம். எல்லாக் கடையிலும் ஒரே விலைப் பலகை. எண்ணெய் டின் மாதிரி பழைய ஸ்டாக் கதை அங்கே ஓடாது.

தங்க வரி கூடுதலாக இருந்தால் இன்னொன்றும் நடக்கும்: கடத்தல். வரிதான் கடத்துபவனின் லாபம். 15 சதவீதம் வரி இருந்தபோது, மாட்டாமல் வந்துவிட்டால் நூற்றுக்குப் பதினைந்து லாபம். வரி 6 ஆனதும் அந்த ஆசை பாதிக்கு மேல் குறைந்துவிடும். விலை வித்தியாசம் இருக்கும் இடத்தில் கால் தானாக நடக்கும் என்பதற்குக் கடத்தல்காரனைத் தேடிப்போக வேண்டாம். கேரளத்தில் பெட்ரோல் விலை நம்மைவிடக் கூடுதல் என்பதால் பாறசாலைப் பக்கத்து பைக்குகள் களியக்காவிளையில் வந்து டேங்கை நிரப்பிக்கொண்டு போகின்றன. அதில் சட்டத் தப்பு ஒன்றும் இல்லை. மாநில வரிதான் வேறு.

இனி மறுபக்கம். நாம் போடும் வரி நமக்கு விலையைக் கூட்டும். அடுத்த நாடு நம் பொருளுக்குப் போடும் வரி? 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு முதலில் 25 சதவீதம், 27-ஆம் தேதி முதல் இன்னொரு 25 என்று மொத்தம் 50 சதவீதம் போட்டது. இந்திய இறாலுக்கு மிகப் பெரிய சந்தை அமெரிக்காதான். அங்கே கடைவிலை 50 சதவீதம் ஏறிவிடுமா? ஏறாது. இங்கிருந்து 100 ரூபாய்க்குப் போன இறால், குளிர்பதனக் கிடங்கு, லாரி, கடை வாடகை எல்லாம் சேர்ந்து அங்கே 200 ரூபாய்க்கு விற்றது என்று வைப்போம். வரி 100 ரூபாயின் மேல்தான், 50 ரூபாய். கடைவிலை 250. ஏற்றம் 25 சதவீதம். அதிலும் ஒரு பகுதியை “நீயும் கொஞ்சம் குறை” என்று நம் ஏற்றுமதியாளர் தலையில் கட்டுவார்கள். அவர் அதை இறால் கொடுப்பவரிடம் கட்டுவார். பண்ணையில் இறால் எடுக்கும் விலை அதனால்தான் இறங்கும். வெளியே போக வேண்டிய சரக்கு உள்ளூரில் தங்கினால் சந்தையில் இறால் கொஞ்சம் மலிவாகக்கூடக் கிடைக்கும். வாங்கும் நமக்குச் சந்தோஷம். தீனி போட்டுப் பண்ணையில் இறால் வளர்த்தவருக்கு வயிற்றெரிச்சல்.

அதே ஆண்டு நவம்பரில் காபி, வாழைப்பழம், மாட்டிறைச்சி என்று பல உணவுப் பொருட்களை, பல நாடுகளுக்கும் போட்டிருந்த கூடுதல் வரியிலிருந்து அமெரிக்காவே விலக்கியது. காபியும் வாழையும் அங்கே பெயருக்குத்தான் விளைகின்றன. பாதுகாக்க உள்ளூர் விவசாயி இல்லாத இடத்தில் போட்ட வரி, சாப்பிடுபவரைத் தவிர வேறு யாரிடம் போய் நிற்கும்?

எண்ணெய்க் கதைக்கும் ஒரு இரண்டாம் பாகம் உண்டு. 2025 மே கடைசியில் கச்சா பாமாயிலுக்கான அடிப்படை வரியை 20-லிருந்து 10 ஆகக் குறைத்தார்கள். செஸ், சர்சார்ஜ் சேர்த்து 27.5 இருந்தது 16.5 ஆனது. சுத்திகரித்து வரும் எண்ணெய்க்கு மட்டும் 35.75 அப்படியே. நம் ரிஃபைனரிகளுக்கு வேலை வரட்டும் என்ற எண்ணம். நான் வைத்த 90 ரூபாய்க் கணக்கில், கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைய வேண்டும். டின்னுக்கு 150.

ஜூலையில் மார்த்தாண்டம் போனபோது அதே கடையில் அதே பாக்கெட்டை எடுத்தேன். 60 ரூபாய், 175 கிராம்.

“எண்ணெய்க்கு வரி குறைச்சாச்சே அண்ணாச்சி?”

“குறைச்சான். ஏத்தங்குலை விலை கேட்டேளா தம்பி?”

கேட்கவில்லை. பாக்கெட்டை வைத்துவிட்டு, கண்ணாடி பரணியிலிருந்து நூறு கிராம் நிறுத்துத் தரச் சொன்னேன். தராசு முள் நின்ற பிறகு இரண்டு சிப்ஸ் கூடுதலாகப் போட்டார்.